எதற்காக என்பதைச் சரியாகச் சொல்வோம்: ஆங்கில விண்ணப்பங்களில் நோக்கத்தைக் குறிக்கும் சொற்கள்

சென்ற ஆண்டு நம் டிரஸ்டின் கல்விக் குழுவுக்கு ஒரு மாணவியின் விண்ணப்பம் வந்தது. பொறியியல் முதலாண்டில் சேர்ந்திருந்தவர். ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கக் கடிதம். வாப்பாவின் உடல்நிலை, வீட்டு வாடகை, தம்பிகளின் படிப்பு என்று எல்லாம் எழுதியிருந்தார். என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் "ஃபார் மை ஸ்டடீஸ்" என்று மூன்றே சொற்கள். படிப்புக்கு என்றால் கல்விக் கட்டணம்தானே என்று நாங்களும் எடுத்துக்கொண்டோம். "டியூஷன் ஃபீஸ்" என்று குறிப்பிட்டு, கல்லூரியின் பெயருக்குக் காசோலை அனுப்பினோம்.

அந்தப் பெண்ணுக்கு முதல் பட்டதாரிச் சலுகை ஏற்கெனவே கிடைத்திருந்தது. டியூஷன் ஃபீஸ் பாக்கி எதுவும் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது விடுதிக் கட்டணமும் மெஸ் கட்டணமும். காசோலை திரும்பி வந்து, விவரம் புரிந்து, மறுபடி அனுப்புவதற்குள் இரண்டு வாரம் போய்விட்டது. விடுதியில் கடைசித் தேதி முடிந்து இடம் வேறொருவருக்குப் போனது. அந்தப் பருவம் முழுவதும் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் பேருந்தில் போய் வந்தே படித்தார். ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அது எங்கள் தவறு. கடிதத்தில் நோக்கம் சரியாக எழுதப்பட்டிருந்தால் கேட்கவேண்டிய அவசியமே வந்திருக்காது என்பதும் உண்மை.

அதன் பிறகு வந்த விண்ணப்பங்களை இந்தக் கண்ணோடு படித்தபோது, நம் பிள்ளைகள் பலரும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள் என்று தெரிந்தது. மற்ற வரிகளை ஓரளவு நன்றாகவே எழுதுகிறார்கள். "எதற்காக" என்று சொல்லும் வரி வந்ததும் சொற்கள் குழம்பிவிடுகின்றன. ஆகவே இந்த இதழில் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறோம். ஆங்கிலம் படிக்கத் தெரியாத உம்மாவும் இதைப் படித்துவிட்டு, பிள்ளை எழுதிய கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்டே பிழை கண்டுபிடிக்க முடியும். அதற்கான வழியைக் கடைசியில் சொல்கிறோம்.

தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது?

தமிழில் நோக்கத்தைச் சொல்வது எளிது. "படிக்க வந்தேன்", "படிப்பதற்கு வந்தேன்", "படிப்பதற்காக வந்தேன்", "படிப்புக்காக வந்தேன்". நான்கும் சரி, நான்கும் ஏறக்குறைய ஒரே பொருள். நான்காம் வேற்றுமை உருபான "கு" தரும் பொருள்களில் "பொருட்டு" என்பதும் ஒன்று என்று நன்னூலே சொல்கிறது. "கூலிக்கு வேலை செய்தான்" என்று பள்ளியில் படித்த எடுத்துக்காட்டு நினைவிருக்கலாம். சொல்லின் பின்னால் உருபு ஒட்டிக்கொள்ளும், வேலை முடிந்தது.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் முன்னால் வரும். முன்னால் வருவதோடு, தனக்குப் பின்னால் வரும் சொல் எந்த வடிவத்தில் இருக்கவேண்டும் என்றும் அதுவே முடிவு செய்யும். சிலவற்றுக்குப் பின்னால் "ஸ்டடி", "பே", "ஜாயின்" போன்ற வெறும் வினைச்சொல் வரவேண்டும். சிலவற்றுக்குப் பின்னால் பெயர்ச்சொல், அல்லது "ஸ்டடியிங்", "பேயிங்", "ஜாயினிங்" என்று "இங்" சேர்ந்த வடிவம் வரவேண்டும். நம் பிள்ளைகள் "படிப்பதற்காக" என்பதை மனதில் வைத்துக்கொண்டு இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். "ஃபார் டு ஸ்டடி" என்று எழுதுவது அப்படி வருவதுதான். "டு" என்றாலும் "க்கு", "ஃபார்" என்றாலும் "க்காக" என்று நினைத்து இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிடுகிறார்கள். இன்றைய ஆங்கிலத்தில் இவை இரண்டும் இப்படிச் சேராது. ஒன்றைத்தான் வைக்கவேண்டும்.

இந்தச் சொற்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

முதல் வகை: பின்னால் வெறும் வினைச்சொல்

"டு", "இன் ஆர்டர் டு", "ஸோ ஆஸ் டு". இந்த மூன்றும் ஒரே குடும்பம்.

"ஐ கேம் டு சென்னை டு ஸ்டடி." படிக்கச் சென்னை வந்தேன். பேச்சுக்கும் கடிதத்துக்கும் இதுவே போதும்.

"இன் ஆர்டர் டு" என்பது அதையே கொஞ்சம் அழுத்தமாக, அலுவலக நடையில் சொல்வது. "ஐ நீட் எ போனஃபைட் சர்ட்டிஃபிகேட் இன் ஆர்டர் டு அப்ளை ஃபார் எ ஸ்காலர்ஷிப்." கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க போனஃபைட் சான்றிதழ் தேவை. வாக்கியம் நீளமாகி, வெறும் "டு" எதைச் சேர்ந்தது என்று தெரியாமல் போகும் இடங்களில் இது உதவும்.

"ஸோ ஆஸ் டு" என்பதும் அதே பொருள். எதிர்மறையில் இது மிகவும் பயன்படும். "ஸோ ஆஸ் நாட் டு மிஸ் த லாஸ்ட் டேட்" என்றால் கடைசித் தேதியைத் தவறவிடாமல் இருக்க. "இன் ஆர்டர் நாட் டு" என்றும் எழுதலாம். "நாட்" என்பது "டு"வுக்கு முன்னால் வருவதைக் கவனியுங்கள்.

இந்த வகையில் ஒரு நிபந்தனை உண்டு. வாக்கியத்தில் யார் செய்கிறாரோ அவருடைய நோக்கத்தையே "டு" குறிக்கும். சான்றிதழ் தருபவர் தலைமை ஆசிரியர், கல்லூரியில் சேரப்போவது உங்கள் மகள் என்று ஆள் மாறினால் "ஸோ தட்" போட்டு ஆளையும் சொல்லிவிடுவது நல்லது. "கைண்ட்லி இஷ்யூ த சர்ட்டிஃபிகேட் ஸோ தட் மை டாட்டர் மே ஜாயின் காலேஜ்." யார் சேரப்போகிறார் என்ற சந்தேகத்துக்கு இடமில்லை.

இரண்டாம் வகை: பின்னால் பெயர்ச்சொல், அல்லது "இங்"

இந்த வகையின் தலைவர் "ஃபார்". "ஃபார் ஹையர் ஸ்டடீஸ்", "ஃபார் மெடிக்கல் ட்ரீட்மென்ட்" என்று பெயர்ச்சொல்லோடு வந்தால் சிக்கலே இல்லை.

"ஃபார்" உடன் "இங்" சேர்க்கும்போதுதான் கவனம் வேண்டும். ஒரு பொருள் எதற்குப் பயன்படும் என்று சொல்ல அது சரி. "எ மெஷின் ஃபார் ஸ்டிச்சிங் லெதர்" என்றால் தோல் தைக்கும் இயந்திரம். ஒரு மனிதர் எதற்கு வந்தார் என்று சொல்ல அது பொருந்தாது. "ஐ கேம் டு சென்னை ஃபார் ஸ்டடியிங்" என்று நம் பிள்ளைகள் எழுதுவது வழக்கம். "டு ஸ்டடி" என்றோ "ஃபார் ஹையர் ஸ்டடீஸ்" என்றோ எழுதவேண்டும்.

அடுத்து அலுவலகங்கள் மிகவும் விரும்பும் சொற்றொடர்: "ஃபார் த பர்பஸ் ஆஃப்". இதன் பின்னால் பெயர்ச்சொல்லும் வரலாம், "இங்" வடிவமும் வரலாம். ஆளின் நோக்கத்துக்கும் இது சரி. "ஃபார் த பர்பஸ் ஆஃப் அப்ளையிங் ஃபார் எ பாஸ்போர்ட்." பள்ளிகள் தரும் சான்றிதழின் கடைசி வரியில், இன்ன நோக்கத்துக்காக வழங்கப்பட்டது என்று இந்தச் சொற்றொடரில் எழுதித் தருவது உண்டு. அதனால்தான் சான்றிதழ் கேட்டுப் போனால் எழுத்தர் முதலில் "எதுக்கு?" என்று கேட்கிறார். அவர் கேட்பதை அதிகாரம் காட்டுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிரப்ப வேண்டிய கட்டம் ஒன்று அவர் முன்னால் இருக்கிறது.

"வித் தி எய்ம் ஆஃப்" என்பது நீண்டகாலக் குறிக்கோளுக்கு ஏற்றது. "வித் தி எய்ம் ஆஃப் பிகமிங் எ டீச்சர்." ஆசிரியராகும் குறிக்கோளோடு. படிப்புக்கான விண்ணப்பங்களில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

"வித் தி இன்டென்ஷன் ஆஃப்" என்பதும் அதே அமைப்புதான். ஆனால் இதற்குச் சட்ட வாசனை உண்டு. குற்றவியல் சட்டத்தில் மரணம் விளைவிக்கும் எண்ணத்தோடு ஒருவர் ஒன்றைச் செய்தாரா என்று பேசும் பிரிவுகளில் இந்தச் சொற்றொடர்தான் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது. கல்வி உதவி கேட்கும் கடிதத்தில் இது இலக்கணப் பிழை ஆகாது. ஆனாலும் புகார் மனுவின் சாயல் வந்துவிடும். "எய்ம்" இருக்கும்போது "இன்டென்ஷன்" தேவையில்லை.

மூன்றாம் வகை: ஏமாற்றும் "டு"

அதிகம் பேர் விழும் குழி இது. "வித் எ வியூ டு" என்ற சொற்றொடரும் நோக்கத்தைக் குறிப்பதே. கடைசியில் "டு" இருப்பதால், முதல் வகையைப் போல வெறும் வினைச்சொல்லை வைத்துவிடுகிறார்கள். "வித் எ வியூ டு கன்டின்யூ மை ஸ்டடீஸ்" என்பது தவறு. "வித் எ வியூ டு கன்டின்யூயிங் மை ஸ்டடீஸ்" என்பதே சரி.

ஏன்? ஆங்கிலத்தில் "டு" இரண்டு விதம். ஒன்று வினைச்சொல்லின் முன்னால் ஒட்டிக்கொள்ளும் "டு". மற்றொன்று "டு மதுரை", "டு த காலேஜ்" என்று பெயர்ச்சொல்லின் முன்னால் வரும் "டு". "வித் எ வியூ டு" என்பதில் இருப்பது இரண்டாவது. அதனால் அதன் பின்னால் பெயர்ச்சொல்லோ "இங்" வடிவமோதான் வரும்.

எந்த "டு" என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. அதன் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். "வித் எ வியூ டு மேரேஜ்" என்று சொல்ல முடிகிறது. திருமண எண்ணத்தோடு என்று பொருள். அப்படியானால் இங்கே "இங்" வரவேண்டும். "இன் ஆர்டர் டு மேரேஜ்" என்று சொல்ல முடியாது. அப்படியானால் அங்கே வெறும் வினைச்சொல்.

கடிதத்தின் கடைசியில் எல்லோரும் எழுதும் வரிக்கும் இதே சோதனையைப் போடலாம். "ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை" என்று பெயர்ச்சொல் வருகிறது. ஆகவே "ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ" என்பதே சரி. "டு ஹியர்" என்று எழுதக்கூடாது.

பார்க்க ஒன்றுபோல, பொருளோ வேறு

"வித் எ வியூ டு" என்பதோடு "இன் வியூ ஆஃப்" என்பதைக் குழப்பிக்கொள்கிறார்கள். "இன் வியூ ஆஃப்" காரணத்தைச் சொல்வது. "இன் வியூ ஆஃப் மை ஃபாதர்ஸ் இல்னஸ்" என்றால் என் வாப்பாவின் நோயைக் கருத்தில் கொண்டு. காரணம் முன்பே நடந்தது. நோக்கம் இனி நடக்க வேண்டியது. ஒரு நல்ல விண்ணப்பத்தில் இரண்டும் இருக்கும், ஆனால் இடம் மாறக்கூடாது.

"ஆன் பிஹாஃப் ஆஃப்" என்றால் ஒருவர் சார்பாக. மகனுக்காக வாப்பா கையெழுத்திடும் இடத்தில் அது வரும். மகனின் படிப்புக்காகப் பணம் கேட்கும் இடத்தில் வராது.

"ஃபார் வான்ட் ஆஃப்" என்பதில் "வான்ட்" இருப்பதால் விருப்பம் என்று நினைக்கவேண்டாம். இல்லாமையால் என்று பொருள். "ஃபார் வான்ட் ஆஃப் மணி" என்றால் பணம் இல்லாததால். "பணம் வேண்டி" என்று நினைத்து ஒரு மாணவர் எழுதியிருந்தார்; படித்தவர்கள் புரிந்துகொண்டார்கள், ஆனால் எல்லா இடத்திலும் அப்படி அமையாது.

பணம் என்றால் "டுவர்ட்ஸ்"

பணம் எந்தக் கணக்கில் சேரவேண்டும் என்று குறிக்க ஆங்கில அலுவலக வழக்கில் ஒரு நேர்த்தியான சொல் உண்டு: "டுவர்ட்ஸ்". ரசீதுகளில் பார்த்திருப்பீர்கள். "டுவர்ட்ஸ் ஹாஸ்டல் ஃபீஸ்", "டுவர்ட்ஸ் எக்ஸாம் ஃபீஸ்". இதன் பின்னால் பெயர்ச்சொல் வரும். முழுத் தொகைக்கும் எழுதலாம், ஒரு பகுதிக்கும் எழுதலாம். முதலில் சொன்ன மாணவி "ஃபார் மை ஸ்டடீஸ்" என்ற இடத்தில் "டுவர்ட்ஸ் ஹாஸ்டல் அண்ட் மெஸ் ஃபீஸ்" என்று எழுதியிருந்தால் அந்த இரண்டு வாரம் வீணாகியிருக்காது.

வளைகுடாவில் இருந்து பணம் வரும் வீடுகளுக்கு இந்தச் சொல் இன்னொரு வகையிலும் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வரும் பணத்துக்கு நோக்கக் குறியீடு ஒன்று உண்டு. ரிசர்வ் வங்கியின் பட்டியலில் குடும்பப் பராமரிப்புக்கும் சேமிப்புக்கும் வெளிநாடுவாழ் இந்தியர் அனுப்பும் பணத்துக்கு பி1301. அந்த வரியே "டுவர்ட்ஸ்" என்ற சொல்லைக் கொண்டுதான் எழுதப்பட்டிருக்கிறது. தனிப்பட்ட அன்பளிப்புக்கு பி1302, சமய, அறநிறுவனங்களுக்கான நன்கொடைக்கு பி1303. வீட்டுச் செலவுக்கு அனுப்பும் பணத்தை நன்கொடை என்று குறித்துவிட்டால், பிறகு வங்கிக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கலாம். அனுப்புகிறவரிடம் "பர்பஸ் ஆஃப் ரெமிட்டன்ஸ்" என்ற கட்டத்தில் என்ன எழுதுகிறார் என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சிறு சொல் பணத்தின் போக்கையே தீர்மானிக்கும் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. ஜகாத்தைப் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரைத் திருக்குர்ஆன் அத்தவ்பா அத்தியாயத்தின் 60-வது வசனம் வரிசைப்படுத்துகிறது. அரபியில் முதல் நான்கு வகையினர் "லாம்" என்ற இடைச்சொல்லின் கீழ் வருகிறார்கள்: ஏழைகள், வறியவர்கள், ஜகாத் வசூலிப்போர், உள்ளங்கள் இணக்கப்பட வேண்டியோர். அடிமைகளை மீட்பது தொடங்கி, கடன்பட்டோர், அல்லாஹ்வின் பாதை, வழிப்போக்கர் ஆகிய அடுத்த நான்கும் "ஃபீ" என்ற சொல்லின் கீழ் வருகின்றன. இந்த மாற்றத்தை இமாம் ஃபக்ருத்தீன் ராஸி போன்ற விரிவுரையாளர்கள் கவனித்து விளக்கியிருக்கிறார்கள். முதல் நால்வருக்குப் பணம் அவர்கள் கையிலேயே தரப்படும். தங்கள் விருப்பப்படி செலவு செய்வார்கள். அடுத்த நால்வரின் பங்கு எந்தத் தேவைக்காக அவர்கள் தகுதி பெற்றார்களோ அந்தத் தேவையில் செலவிடப்படும். அரபி மொழியின் இரண்டு சிறு சொற்களுக்கு இடையில் இவ்வளவு சட்டம் இருக்கிறது. நம் டிரஸ்டின் ரசீதில் ஜகாத், ஸதகா, கல்வி நிதி என்று தனித்தனியாகக் குறிக்கச் சொல்லிக் கேட்பதும் இதனால்தான்.

நோக்கம் ஒரு வேலியும்கூட

நாம் எழுதும் கடிதத்தில் மட்டும் பார்த்தால் போதாது. நாம் கையெழுத்திடும் தாளிலும் இந்தச் சொற்களைத் தேடவேண்டும்.

வாடகை ஒப்பந்தத்தில் "ஃபார் ரெசிடென்ஷியல் பர்பஸ் ஒன்லி" என்று இருந்தால் குடியிருக்க மட்டும். அந்த வீட்டின் முன்னறையில் கடை திறந்தால் உரிமையாளர் கேள்வி கேட்க அந்த ஒரு வரியே போதும். கல்விக்கடன் ஆவணத்தில் நோக்கம் கல்வி என்று இருந்தால் அந்தப் பணம் வீட்டுத் திருமணத்துக்குப் போகக்கூடாது. அதிகாரப் பத்திரத்தில் இன்ன சொத்தை இன்ன காரியத்துக்காக என்று நோக்கம் குறுகலாக எழுதப்பட்டிருக்கிறதா, எல்லாவற்றுக்கும் என்று விரித்து எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கோ கணவருக்கோ பதிலாக ஊரில் ஒருவர் காரியம் பார்க்கும் வீடுகளில் இது மிகவும் முக்கியம்.

ஆதார், குடும்ப அட்டை போன்றவற்றின் நகலைக் கொடுக்கும்போது, நகலின் மேல் குறுக்காக "ஸப்மிட்டெட் ஃபார் த பர்பஸ் ஆஃப்" என்று எழுதி, என்ன காரியம் என்று குறித்து, "ஒன்லி" என்று முடித்து, தேதியும் கையெழுத்தும் இடுங்கள். எண்ணும் படமும் மறையாதபடி எழுதவேண்டும். இப்படி எழுதுவது பூட்டுப் போடுவது ஆகாது. ஆனாலும் வேறு காரியத்துக்கு அந்த நகல் பயன்பட்டால், நீங்கள் அதற்குக் கொடுக்கவில்லை என்பது தாளிலேயே இருக்கும். முழு எண் தேவைப்படாத இடங்களில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம்.

பெரிய சொற்றொடர் எப்போது, சின்னச் சொல் எப்போது?

இவ்வளவும் கற்றபின் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதிவிட ஆசை வரும். வேண்டாம். பிரிட்டன் அரசு அலுவலகங்களின் ஆங்கிலம் சுற்றி வளைக்கிறது என்ற குறை எழுந்தபோது, அந்நாட்டு நிதித்துறை எர்னஸ்ட் கவர்ஸ் என்ற அனுபவம் மிக்க அதிகாரியைக் கையேடு எழுதச் சொன்னது. 1948-இல் "பிளெய்ன் வேர்ட்ஸ்" வந்தது. 1954-இல் "த கம்ப்ளீட் பிளெய்ன் வேர்ட்ஸ்" என்று முழு நூலானது. ஒரு சிறு சொல் போதுமான இடத்தில் நீண்ட சொற்றொடரை வைக்காதீர்கள் என்பது அவருடைய அறிவுரைகளில் ஒன்று. அமெரிக்காவில் 2010-இல் அரசு ஆவணங்கள் எளிய மொழியில் இருக்கவேண்டும் என்று சட்டமே வந்தது.

ஆகவே ஒரு சாதாரண வழிமுறை: உங்கள் வேண்டுகோளைச் சொல்லும் முக்கிய வரியில் ஒரு முறை அலுவலகச் சொற்றொடரைப் பயன்படுத்துங்கள். மற்ற இடங்களில் "டு", "ஃபார்", "டுவர்ட்ஸ்" போதும். சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம், நகலில் எழுதும் குறிப்பு ஆகியவற்றில் "ஃபார் த பர்பஸ் ஆஃப்" பொருத்தமானது. அங்கே அது எல்லையை வரையறுக்கிறது.

ஒரு கடிதத்தைத் திருத்திப் பார்ப்போம்

வழக்கமாக வரும் வரி இப்படி இருக்கும்: "ஐ ஆம் ரைட்டிங் திஸ் லெட்டர் ஃபார் டு கெட் ஹெல்ப் ஃபார் மை ஸ்டடீஸ் வித் எ வியூ டு கன்டின்யூ மை ஸ்டடீஸ்."

இதில் "ஃபார் டு" தவறு. "வியூ டு கன்டின்யூ" தவறு. இவற்றைவிடப் பெரிய குறை, படிப்புக்கு, படிப்பைத் தொடர என்று ஒன்றையே இரண்டு முறை சொல்லியும் என்ன வேண்டும் என்று சொல்லாதது. எவ்வளவு, எந்தக் கட்டணம், எப்போதைக்குள் என்ற மூன்றுக்கும் பதில் இல்லை.

இப்படி எழுதலாம்: "ஐ ரிக்வெஸ்ட் எ கிரான்ட் ஆஃப் ருபீஸ் 18,000 டுவர்ட்ஸ் மை ஹாஸ்டல் அண்ட் மெஸ் ஃபீஸ் ஃபார் த ஃபர்ஸ்ட் செமஸ்டர். த ஃபீஸ் மஸ்ட் பி பெய்ட் பை ஆகஸ்ட் 14 இன் ஆர்டர் டு கீப் மை ஹாஸ்டல் சீட். மை டியூஷன் ஃபீ ஹேஸ் பீன் வெய்வ்ட்."

மூன்று வரி. தொகை, கட்டணம், தேதி, நோக்கம் எல்லாம் வந்துவிட்டன. டியூஷன் ஃபீஸ் தள்ளுபடி ஆனதும் தெரிந்துவிட்டது. குடும்ப நிலையை இதற்குப் பிறகு, "இன் வியூ ஆஃப்" என்று தொடங்கி ஒரு பத்தியில் எழுதுங்கள். பலரும் கஷ்டத்தை முதலில் எழுதிவிட்டு வேண்டுகோளைக் கடைசியில் வைக்கிறார்கள். கேட்கத் தயங்கும் நல்ல குணம்தான் காரணம். ஆனால் நூறு விண்ணப்பங்களைப் படிக்கும் குழுவுக்கு வேண்டுகோள் முதலில் தெரிந்தால், கஷ்டத்தை இன்னும் கவனமாகப் படிப்பார்கள்.

உம்மாமார்களுக்கு

பிள்ளை கடிதம் எழுதி முடித்ததும் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்க வேண்டியவை இவ்வளவுதான்:

1. "ஃபார் டு" என்று சேர்ந்தாற்போல் காதில் விழுந்தால் நிறுத்துங்கள். ஒன்றை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

2. "இன் ஆர்டர் டு", "ஸோ ஆஸ் டு" என்று கேட்டால், அடுத்த சொல் "இங்" என்று முடியக்கூடாது.

3. "வித் எ வியூ டு" என்று கேட்டால், அடுத்து வினைச்சொல் வந்தால் அது "இங்" என்று முடியவேண்டும். "பர்பஸ் ஆஃப்", "எய்ம் ஆஃப்" இரண்டுக்கும் இதே விதி.

4. வாசித்து முடித்ததும் தமிழில் கேளுங்கள்: "எவ்வளவு? எதற்கு? எந்தத் தேதிக்குள்?" கடிதத்தைப் பார்த்தே பதில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். யோசித்துச் சொன்னால், அந்தப் பதில் இன்னும் கடிதத்துக்குள் வரவில்லை என்று பொருள்.

நான்காவது கேள்விக்கு ஆங்கிலமே தேவையில்லை. ஆனால் நாங்கள் பார்த்த வரையில் விண்ணப்பங்கள் தாமதமாவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் சொன்ன மாணவி இரண்டாம் பருவத்தில் விடுதியில் இடம் பெற்றார், அல்ஹம்துலில்லாஹ். அந்த முறை அவர் அனுப்பிய கடிதம் ஐந்து வரி. படித்த அன்றே காசோலை எழுதினோம்.

இந்த ஆண்டு விண்ணப்பிக்க இருக்கும் பிள்ளைகள் கடிதத்தை அனுப்பும் முன் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்துக்கு எடுத்து வரலாம். உட்கார்ந்து படித்துத் திருத்தித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ். வரும்போது கல்லூரி கொடுத்த கட்டண விவரத் தாளையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.